ஸிவில் நடைமுறையும் வக்கீல்களும்

டில்லியில் ஒரு சட்டம் நிறைவேறுவதற்கும், தாலூகா கோர்ட்டில் அது நடப்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தறிந்தவர்கள் வக்கீல்களேயாவர். 1999-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் இதை மறந்துவிட்டது. 1908-ம் வருஷத்து ஸிவில் நடைமுறைச் சட்டத்திற்கு அவ்வருஷம் ஒரு திருத்தம் செய்தனர். தாமதத்தை ஒழிப்பது நோக்கம்; அதிலே குறை கூறுவார் யார்? வழிதான் பிசகு. பிரதிவாதி 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்தாக வேண்டும். பிராதில் நேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்ள அனுமதிக்கும் விதி அடியோடு எடுக்கப்பட்டது. குறுக்கு விசாரணை நீதிபதியின் முன்னிலையிலன்றிக் கமிஷனர் முன்பு நடைபெற வேண்டுமென்று ஏற்பட்டது.

பாகப் பிரிவினை வழக்கொன்றை எண்ணிப் பாருங்கள். பிரதிவாதி ஒரு குடியானவர். சம்மன் கைக்கு வந்த பிறகே பழைய பத்திரங்களைத் தேடுகிறார். வில்லங்க சர்டிபிகேட்டுக்கும் பட்டா நகலுக்கும் ஆபீஸ் ஆபீஸாய் அலைகிறார். 30 நாள் கழிந்துவிடுகிறது. அவருடைய நிலம் சட்டத்தின் கடிகாரத்திற்குப் பலியாக வேண்டுமா? இந்தக் கேள்வியை ஒரு முன்ஸீப் கோர்ட் வக்கீல் அரை நிமிஷத்தில் கேட்டிருப்பார். அவரை முன்கூட்டிக் கலந்துகொள்ளாததன் பலன், 2000-ம் வருஷத்தில் தேசமெங்கும் கிளர்ச்சி மூண்டது. கோர்ட் பகிஷ்காரத்தை நாம் மெச்சுவதில்லை. அது சர்க்காரைவிடக் கட்சிக்காரனையே அதிகம் வாட்டுகிறது. ஆயினும் ஆட்சேபத்தில் நியாயமிருந்தது. 2002-ல் வேறொரு திருத்தம் வந்தது. பதிலுரைக்கு 90 நாள் வரை இடம் கிடைத்தது. பிராதைத் திருத்தும் விதி நிபந்தனையுடன் மீண்டது. சாக்ஷியை நீதிபதியே விசாரிக்கவும் வழி பிறந்தது. இரு திருத்தங்களும் அவ்வருஷம் ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தன.

அப்பொழுதும் சேலம் வக்கீல் சங்கத்தார் வாளாவிருக்கவில்லை; ஸுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றனர். தலைநகரங்களில் பெரிய வக்கீல்கள் நிறைந்திருக்க, ஒரு ஜில்லாச் சங்கத்தின் பெயரே இன்று தேசமெங்கும் சட்டப் புஸ்தகங்களில் நிற்பதில் நமக்குப் பெருமைதான். 2002 அக்டோபரில் திருத்தங்கள் செல்லுமென்று தீர்ப்பளித்த நீதிபதிகள் அத்துடன் விட்டுவிடவில்லை. நடைமுறைச் சிக்கல்களை ஆராய நீதிபதியும் வக்கீல்களும் அடங்கிய ஒரு கமிட்டி அமைத்தனர். ஜஸ்டிஸ் ஜகந்நாத ராவ் தலைமை வகித்தார். அதன் அறிக்கையைக் கொண்டு 2005 ஆகஸ்டில் விரிவான தீர்ப்பு வெளியாயிற்று. அசாதாரணமான கஷ்டம் நேர்ந்த இடத்தில் 90 நாள் கடந்தும் பதிலுரையை ஏற்கலாமென்றனர். 80-வது பிரிவின்படி கொடுக்கப்படும் நோட்டீஸுக்குச் சர்க்கார் பெரும்பாலும் பதிலே எழுதுவதில்லை என்பதையும் கண்டித்து, பதிலனுப்பும் பொறுப்பை ஓர் அதிகாரியிடம் ஒப்புவிக்குமாறு உத்தரவிட்டனர். வழக்காடுபவரில் எல்லாம் பெரியவர் சர்க்காரேயன்றோ!

இவ்வளவும் கூறிவிட்டு, நம்மவர் குறையை மறைப்பது தர்மமாகாது. நாமும் கறுப்பு அங்கி தரித்தவர்களே. ஒரு கட்சிக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாதென்பது ஏட்டில் இருக்கிறது. எண்ணுகிற கோர்ட்டுகள் எத்தனை? எண்ண வேண்டாமென்று கெஞ்சுகிறவர் யார்? ஆதலால் வக்கீல்களைக் கேட்பதென்றால், அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்பதென்று பொருளல்ல. கட்சிக்காரனுக்கு வலிக்கும் இடம் எதுவென்று அவர்களைக் கேட்க வேண்டும். அந்த இடம் டிக்ரி நிறைவேற்றமே. டிக்ரி கிடைத்த பிறகுதான் இந்தியாவில் கட்சிக்காரனின் துன்பம் ஆரம்பமாகிறதென்று பிரிவி கவுன்ஸில் 1872-லேயே கூறிவிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டுமென்று ஸுப்ரீம் கோர்ட் 2021-ல் கட்டளையிட்டது. 2025-ல் மறுபடியும் அதையே வற்புறுத்த நேர்ந்தது. அமீனா எங்கே தடுக்கப்படுகிறார், எந்த ஆட்சேப மனு எத்தனை வருஷம் தின்கிறது என்பது வக்கீலுக்கும் அவர் குமாஸ்தாவுக்கும் தெரிந்த சங்கதி.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 122-வது பிரிவு விதிகளை முன்கூட்டிப் பிரசுரித்துத் திருத்தும் அதிகாரத்தை ஹைக்கோர்ட்டுக்கு அளிக்கிறது. 123-வது பிரிவின்படியுள்ள விதிக் கமிட்டியில் மூன்று ஹைக்கோர்ட் நீதிபதிகளும், கீழ்க் கோர்ட் நீதிபதி ஒருவரும், இரண்டு வக்கீல்களும் உண்டு. அவ்விருவரில் ஒருவரேனும் தாலூகா கோர்ட்டில் வாதாடுகிறவராக இருக்க வேண்டுமென்று சட்டம் கூறவில்லை, கூடாதென்றும் கூறவில்லை. சென்னை ஹைக்கோர்ட் ஒருவரை அவ்விதம் நியமிக்கட்டும். நகல் விதிகளைத் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு ஜில்லா, தாலூகாச் சங்கத்திற்கும் அனுப்பட்டும். கெஸட்டில் போட்டுவிட்டோமென்று இருந்துவிடலாகாது. வரும் ஆட்சேபங்களைக் கமிட்டியின் பதிலுடன் வெளியிடட்டும். சர்க்காருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நாம் இரண்டு மாதம் காத்திருக்கிறோம். அதே இரண்டு மாதத்தை மேற்படி சங்கங்களுக்கும் அளிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?