அறக்கட்டளை இணையதளம்: முகப்பில் என்ன இருக்க வேண்டும்?



சுந்தரபாண்டியத்தை விட்டு வேலைக்காக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களிடம் ரசீது புத்தகத்தோடு போய் நிற்க முடியாது. அவர்களுக்கு இணையதளம்தான் வாசல். ஆனால் அந்த வாசலைத் திறந்து உள்ளே வருபவர் கொடுத்துவிட்டுப் போகிறாரா, பார்த்துவிட்டுப் போகிறாரா என்பதை முதல் பக்கமே தீர்மானித்துவிடுகிறது.

முதல் பக்கம் என்றதும் நமக்குத் தோன்றுவது என்ன? வரவேற்பு வாசகம், தலைவர், செயலாளர், பொருளாளர் படங்கள், பொன்னாடை போர்த்தும் காட்சி. வங்கிக் கணக்கு எண் எங்கோ அடியில் இருக்கும். வருபவருக்குப் பொன்னாடையால் ஆவது ஒன்றுமில்லை. யாருக்காக, எதற்காக, எவ்வளவு தேவை, கொடுத்தால் போய்ச் சேருமா என்பதுதான் அவர் மனதில் ஓடுவது.

கோழிக்கோட்டைச் சேர்ந்த அப்துல் ரஹீமின் விஷயம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2006ல் சவூதிக்கு வேலைக்குப் போன அவர், தன் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவனின் மரணத்துக்காக மரண தண்டனை பெற்றார். குடும்பத்தார் மன்னிப்பதற்கான இழப்பீடாக 1.5 கோடி ரியால், நம் பணத்தில் சுமார் 34 கோடி ரூபாய் கேட்கப்பட்டது. அவருக்காகத் தனியாக ஒரு செயலி உருவாக்கினார்கள். அதில் ஒரு மனிதர், ஒரு தொகை, ஒரு கெடு. அதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எவரும் எந்நேரமும் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 12 அன்று, பெருநாள் முடிந்த இரண்டாம் நாள், தொகை நிறைவடைந்தது. பெரும்பகுதி கடைசிச் சில நாட்களில் வந்ததுதான், மதம் பார்க்காமல் எல்லாரும் கொடுத்தார்கள். 30 கோடியைத் தாண்டியதும் கணக்குச் சரிபார்ப்புக்காகச் செயலியை நிறுத்திவைத்தார்கள். இலக்கு எட்டியதும் இனி அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார்கள். போதும் என்று சொல்லும் வசூலை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்? அந்த ஆண்டு ஜூலையில் மரண தண்டனை ரத்தானது.

34 கோடி நமக்கு வேண்டாம். பாடம் ஒன்றுதான். "ஏழைகளுக்கு உதவுங்கள்" என்று முகப்பில் எழுதினால் அது காதில் விழாது. "இந்த ஆண்டு 12 மாணவிகளுக்குக் கல்லூரிக் கட்டணம், தேவை இவ்வளவு, சேர்ந்தது இவ்வளவு, மீதி இவ்வளவு" என்று எழுதினால் படிப்பவரின் கை மீதித் தொகையை நோக்கிப் போகும். (12 என்பது உதாரணத்துக்குத்தான்.)

ஆனால் ஓர் இடத்தில் நாம் ரஹீமின் வழியைப் பின்பற்றக் கூடாது. அவர் வழக்கு உலகறிந்தது, பெயரைச் சொல்லாமல் முடியாது. சுந்தரபாண்டியம் அப்படியல்ல. தையல் இயந்திரம் வாங்கிய சகோதரியின் படத்தை முகப்பில் போட்டால், மறுநாள் கடைத்தெருவில் அவரை எல்லாரும் அடையாளம் சொல்வார்கள். படிப்பையும் தேவையையும் எழுதினால் போதும்; முகமும் பெயரும் வேண்டாம். படமில்லாவிட்டால் பணம் வராது என்று வாதிடுவோர் உண்டு. அப்படி வரும் பணம் குறைந்தால் குறையட்டும்.

பொத்தானில் என்ன வாசகம், மேலே என்ன படம் என்பதை நிர்வாகக் குழுவில் கை தூக்கி முடிவு செய்ய வேண்டாம். 2007 டிசம்பரில் ஒபாமாவின் தேர்தல் பிரச்சார இணையதளத்தில் 24 வகை முகப்புகளைச் சுமார் 3 லட்சம் பேரிடம் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். பணியாளர்கள் வீடியோதான் வெல்லும் என்று நினைத்தார்கள். வென்றது குடும்பப் படமும் "மேலும் அறிய" என்ற பொத்தானும். பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 ஆக உயர்ந்தார்கள். நமக்கு அத்தனை பேர் வரமாட்டார்கள். ஆனாலும் தளத்தை முன்பின் பார்த்திராத நாலு பேர் கையில் போனைக் கொடுத்து, நன்கொடை எங்கே செலுத்துவது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். அவர்கள் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். போனில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பெரிய படங்களைத் திணித்தால் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

பணம் செலுத்தும் இடத்தில் ஜகாத்துக்கும் ஸதகாவுக்கும் தனித்தனிப் பொத்தான் அவசியம். ஜகாத் எட்டு வகையினருக்கு உரியது. மதரஸா கட்டடத்துக்கு என்று வந்த ஸதகாவோடு அது கலந்துவிட்டால் பின்னால் பிரிப்பது பெரும்பாடு. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் திரையில் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். தனிநபர் பெயர் வந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பாதிப்பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ரமலானில் கொடுப்பவர் ஷவ்வாலில் மறந்துவிடுகிறார். முன்பெல்லாம் வீட்டுப் பெண்கள் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். மாதச் சந்தாவும் அதுதான். யுபிஐ ஆட்டோபேயில் ஒருமுறை அனுமதி கொடுத்தால் மாதந்தோறும் 100 ரூபாய் தானாக வந்துவிடும். வேண்டாமென்றால் கொடுப்பவரே தன் போனில் நிறுத்திக்கொள்ளலாம். அதையும் பொத்தானுக்குக் கீழேயே எழுதிவிடுங்கள், தயக்கம் குறையும். சாதாரண க்யூஆர் இதற்குப் போதாது, வங்கியிடமோ பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடமோ ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களை முகப்பிலேயே தெளிவுபடுத்த வேண்டும். 80ஜி பதிவு இருந்தால் எண்ணோடு குறிப்பிடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்து. அடுத்தது வெளிநாட்டுப் பணம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், அனுப்பினால் ஆகும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது.

வடிவமைப்பவரிடம் போகும் முன் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். "சேர்ந்தது இவ்வளவு" என்ற எண்ணை வாராவாரம் ஜும்ஆவுக்கு முன் தேதியோடு மாற்றுவது அவர் வேலை. ஆறு மாதத்துக்கு முந்தைய எண்ணைப் பார்ப்பவர், பணம் என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்பார்.