இயந்திரம் சொல்லும் சாட்சியம்

2020ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை அடுத்த புறநகர்ப் பகுதி. வேலை முடிந்து வீடு திரும்பிய கறுப்பினத்தவர் ஒருவரை, அவருடைய வீட்டு வாசலிலேயே காவலர்கள் விலங்கிட்டு அழைத்துச் சென்றனர். மனைவியும் இரண்டு பெண்குழந்தைகளும் அதைக் கண்டு திகைத்து நின்றனர். ஏறத்தாழ 30 மணி நேரம் அவர் காவலில் இருந்தார்.

அவர் செய்த குற்றம்தான் என்ன? ஒன்றுமில்லை. 2018 அக்டோபரில் அந்நகரக் கடையொன்றில் கைக்கடிகாரங்கள் களவு போயின. கடையின் காமிராவில் பதிந்த மங்கலான உருவத்தைக் காவல்துறையினர் கணிப்பொறியிடம் ஒப்படைத்தனர். அது பொருந்தக்கூடியவை என்று காட்டிய முகங்களுள் இவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படமும் ஒன்று. இது துப்பு மட்டுமே, கைது செய்யப் போதிய ஆதாரமாகாது என்று அந்த அறிக்கையிலேயே எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. எனினும், களவை நேரில் காணாமல் வீடியோவை மட்டுமே பார்த்திருந்த ஒருவரிடம் படங்களைக் காட்டி 'இவர்தாம்' என்று சொல்ல வைத்தனர். விசாரணையில் அவர் அந்தப் படத்தைத் தம் முகத்தருகே பிடித்துக் காட்டியபோதுதான் தவறு வெளிப்பட்டது.

கணிப்பொறி காண்பது எப்படி?

வீடியோ என்பது நொடிக்கு 25 அல்லது 30 என ஓடும் நிலைப்படங்களின் தொடர். ஒவ்வொரு படமும் கணிப்பொறிக்கு எண்கள் நிறைந்த கட்டங்களே. அவற்றுள் எது மனிதன், எது மாடு, எது மோட்டார் வண்டி என்று கற்பிக்க, பெயர் குறிக்கப்பட்ட படங்கள் இலட்சக்கணக்கில் தேவை. பேராசிரியை ஃபேய் ஃபேய் லீயும் அவருடைய குழுவினரும் 2009இல் அறிமுகப்படுத்திய 'இமேஜ்நெட்' தொகுப்பு, நாளடைவில் 1 கோடியே 40 இலட்சம் படங்களைத் தாண்டியது. ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பெயர் குறித்தவர்கள், பல நாடுகளிலிருந்து இணையத்தின் வழியே கூலிக்கு உழைத்த எளிய மக்களே. 2017இல் வந்த 'கைனெட்டிக்ஸ்' தொகுப்போ, மனிதரின் 400 வகைச் செயல்களை, சுமார் 10 நொடி ஓடும் வீடியோத் துண்டுகளாக யூடியூபிலிருந்து திரட்டியது.

ஆக, இயந்திரத்தின் அறிவெல்லாம் நாம் அதற்குக் காட்டிய படங்களின் அளவுதான். அரைகுறையாகக் காட்டியதை அது அரைகுறையாகவே அறியும்.

நிறம் மாறினால் தீர்ப்பும் மாறும்

இதனை மெய்ப்பித்தவர்கள் ஜாய் புவொலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர்கள். முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் கருவிகளை அவர்கள் சோதித்து, முடிவை 2018இல் வெளியிட்டனர். ஆப்பிரிக்க நாடுகள் மூன்று, ஐரோப்பிய நாடுகள் மூன்று ஆகியவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் முகங்களைக் கொண்டு நடந்த சோதனை அது. வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவிகிதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவிகிதம் வரை சென்றது! அந்நாளில் புழங்கிய இரண்டு முகத் தொகுப்புகளை ஆராய்ந்தபோது, ஒன்றில் 79.6 சதவிகிதத்தினரும் மற்றொன்றில் 86.2 சதவிகிதத்தினரும் வெளிர்நிறத்தவராகவே இருந்தனர்.

நிறத்தால் எவருக்கும் உயர்வில்லை என்று தம் இறுதிப் பேருரையில் போதித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மனிதன் மறந்த அந்தப் பாடத்தை, அவன் செய்த கருவியும் அறியாதிருப்பதில் வியப்பென்ன?

நம் வீட்டுப் படங்கள்

இத்தொகுப்புகளுக்கு முகங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட 'மெகாஃபேஸ்' தொகுப்பு, 'பிளிக்கர்' தளத்தில் மக்கள் பகிர்ந்திருந்த படங்களிலிருந்து உருவானது. பிள்ளைகளின் முகங்களும் அதில் இருந்தன. பிறர் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு போடப்பட்ட படங்கள்தாம் அவை. ஆனால், படத்தில் இருந்தவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. 2019இல் பத்திரிகைகள் இதனை அம்பலப்படுத்தின. பின்னர் தொகுப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. முன்பே நகலெடுத்துச் சென்றவர்களிடமிருந்து அவற்றை மீட்பது யார்?

பிறர் இல்லத்துள் நுழையுமுன் அனுமதி பெறும்படி திருமறையின் அந்நூர் அத்தியாயம் பணிக்கிறது. அந்த ஒழுக்கம் இல்லத்தின் படங்களுக்கும் வேண்டாமா? பெருநாள் உடையில் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்து ஊரறியப் பரப்புமுன், தாய்மார்கள் ஒரு கணம் சிந்திப்பது நல்லது.

தீர விசாரித்தல்

விஞ்ஞானம் நமக்குப் பகையன்று. காணாமற்போன குழந்தையைத் தேடுவதற்கும் இதே கருவி துணையாகக் கூடும். ஆனால், தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் ஏற்று, அப்பாவிகளுக்குத் தீங்கிழைத்துவிடக் கூடாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. இயந்திரத்துக்கு நன்மை தீமை தெரியாது. ஆயினும் அது கொணர்வதும் செய்தியே. விசாரிக்கும் கடமை மனிதனுடையது.

டெட்ராய்ட் காவல்துறை இதனைக் கற்றுக்கொள்ள நான்கு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2024 ஜூன் மாதம் ஏற்பட்ட சமரச உடன்படிக்கையின்படி, கணிப்பொறி காட்டிய முகத்தை மட்டும் வைத்து அங்கே இனி எவரையும் கைது செய்ய இயலாது. பாதிக்கப்பட்டவருக்கு 3 இலட்சம் டாலர் இழப்பீடும் கிடைத்தது. ஆனால், தந்தையின் கைகளில் விலங்கைக் கண்ட பிள்ளைகளின் உள்ளத்துக்கு எந்த இழப்பீடு ஈடாகும்?