மனம் நலிந்தாலும் பணி நிலைக்கும்

காய்ச்சலால் விடுப்பெடுத்தவரை நலம் விசாரிக்கும் நாம், மனம் நலிந்து விடுப்பெடுத்தவரைப் பற்றிக் குரல் தாழ்த்தியே பேசுகிறோம். சொந்த ஊரை விட்டு வந்து, மாதச் சம்பளம் ஒன்றையே நம்பியிருக்கும் நம் குடும்பங்களில், அவச்சொல்லுக்கு அஞ்சி ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிடுவதும் உண்டு. அவ்வாறு கொடுப்பது, சட்டம் தரும் காப்பை நாமே கைவிடுவதாகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் அறிவுத்திறன் குறைபாட்டையும் தன்னுள் அடக்கியது. அரசு ஊழியர் ஒருவருக்குப் பணிக்காலத்தில் இத்தகைய நீடித்த குறை நேர்ந்தால், அவரை நீக்குதலும் பதவியிறக்குதலும் ஆகா என்கிறது அதன் 20ஆம் பிரிவு. பழைய வேலை இயலாதாயின் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தரவேண்டும். அதற்கும் இடமில்லையேல், தக்க இடம் அமையும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ உபரிப் பதவியில் வைத்திருக்க வேண்டும். அறிவிக்கை வாயிலாக விலக்களிக்கப்பட்ட பணிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. மனநலக் குறைபாடு உடையவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடுப்பதும் மறைமுகப் பாரபட்சத்தின் ஒரு வகையே என உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

ஆயினும், ஒருவரை நாள்தோறும் பணியில் நிலைக்கச் செய்வன சிறு ஏற்பாடுகளே. இரவு உண்ட மாத்திரை காலையில் மயக்கம் தருமாயின், வரும் நேரத்தைச் சற்றே தள்ளிவைக்கலாம். பல வேலைகளை வாய்மொழியாக ஒருசேரச் சொல்லாமல், ஒவ்வொன்றாக எழுதித் தரலாம். மருத்துவரைக் காணும் நாளில் விடுப்பு மறுக்காதிருக்கலாம். இவற்றை இரக்கத்தால் ஈயும் சலுகை என எண்ண வேண்டா. தக்க வசதி செய்து தருவது அலுவலகத்தின் கடமை.

மருத்துவச் சான்றுடன் எழுத்து மூலம் விண்ணப்பிப்பதும், மறுக்கப்படின் அலுவலகத்தின் குறைதீர்ப்பு அதிகாரியை அணுகுவதும் முறை. வேற்று மொழியில் மனத்துயரை எடுத்துரைத்தல் அரிது. 14416 என்னும் அரசின் தொலைபேசி உதவியில் தமிழிலும் பேசலாம். ராஜிநாமாக் கடிதம் எழுதுமுன் அதனைச் செய்வோமாக.