வானொளியில் மறைந்திருந்த சுருள் மண்டலம்

இரவு வானம் முழுக் கருமை உடையதன்று. விளக்கொளி எட்டாத மலையுச்சியிலும் வானுக்கென ஒரு மெல்லொளி உண்டு. காற்று மண்டலத்தின் மேலடுக்கும் கதிரவனைச் சூழ்ந்த தூசியும் அதனைத் தருகின்றன. பகல் நிலா வெளிறித் தோன்றுவதுபோல, அம்மெல்லொளியினும் மங்கிய பொருள் அதனுள் அமிழ்ந்துவிடும்.

1970-இல் ஆஸ்திரேலிய வானியலறிஞர் கென் பிரீமன், சுருள் விண்மீன் மண்டலங்கள் பலவற்றின் தட்டுகள் நடுவில் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி உடையன என்று கண்டார். இஃது இயற்கை வகுத்த விதிதானா? 1976-இல் மைக் டிஸ்னி என்னும் பிரிட்டிஷ் அறிஞர் ஐயம் எழுப்பினார். மங்கலானவை வானொளியில் மறைந்துவிட, எடுப்பாகத் தெரிபவற்றை மட்டுமே எண்ணிக் கணக்கிடுகிறோம் என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானதே, ஆயினும் சான்று வேண்டுமே!

சான்று 1986-இல் கிட்டியது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய டேவிட் மாலின் ஒளிப்படக் கலையில் வல்லவர். மிக மங்கிய ஒளியின் பதிவு ஒளிப்படத் தகட்டுப் பூச்சின் மேற்பரப்பை ஒட்டியே அமையும். பரவலான ஒளியைச் செலுத்தி, அம்மேற்பதிவை மட்டும் வேறு படச்சுருளில் அழுத்தமாகப் படியெடுத்தார் அவர். கிரெகரி போத்துன், கிறிஸ் இம்பி முதலியோர் அம்முறையின் துணைகொண்டு கன்னிக் கொத்தில் மங்கிய மண்டலங்களைத் தேடினர். அங்கே புகைபோன்ற ஒன்று தென்பட்டது. அதனையும் அக்கொத்தைச் சேர்ந்த சிறு மண்டலமென்றே கொள்ளத் தோன்றும். நிறமாலை வேறு கதை சொல்லிற்று. அது விநாடிக்கு ஏறத்தாழ 24,700 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்கின்றது! கன்னிக் கொத்து ஏறக்குறைய 5½ கோடி ஒளியாண்டுத் தொலைவினது. இதுவோ 119 கோடி ஒளியாண்டுக்கு அப்பாற்பட்டது.

அத்தொலைவிலிருந்தும் அவ்வளவு அகலமாகத் தெரிவதாயின் அதன் உண்மைப் பருமன் என்ன? குறுக்களவு ஏறத்தாழ 6,50,000 ஒளியாண்டு. நமது பால்வீதி மண்டலத்தைப் போல் ஆறு மடங்கு எனலாம். அறியப்பட்ட சுருள் மண்டலங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகிய இதற்கு 'மாலின் 1' என்று பெயரிட்டனர். இதன் தட்டின் ஒளியோ, இருண்ட வானொளியில் நூற்றில் சில பங்கே.

2020-இல் இடிந்து விழுந்த அரசிபோ வானொலித் தொலைநோக்கி, முன்னர் இதனிடம் மிகுந்த ஹைட்ரஜன் வாயு இருப்பதைக் காட்டியது. வாயு ஏராளம், விண்மீன்களோ அரிது. பரந்து கிடக்கும் வாயு மிக மெல்லியதாதலின், திரண்டு விண்மீனாவது மெல்லவே நிகழ்கின்றது.

சுருள் கரங்கள் தெளிவாகப் படமாவதற்கு மேலும் முப்பதாண்டு அளவு சென்றது. சிலி நாட்டின் 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கியால் கஸ்பார் கலாசும் துணைவரும் எடுத்த படம் 2015-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 2007-இல், ஹப்பிள் படமொன்றை ஆராய்ந்தபோது இதன் நடுப்பகுதி மட்டும் தனியே பார்த்தால் சாதாரணப் பட்டை மண்டலம் போன்றே இருப்பது புலனாயிற்று. சுற்றியுள்ள மங்கிய தட்டினை எவரும் கண்டிராவிடில், பட்டியலில் அது ஒரு சிறு மண்டலமாகவே இடம் பெற்றிருக்கும்.