தடைக்குப் பிறகு எண்ண வேண்டும்

கோழிக்கோ பன்றிக்கோ சீக்கு வந்தால் மருந்து கொடுப்பதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. சீக்கே இல்லாதபோதும், எடை சீக்கிரம் ஏறட்டும் என்று தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாட்டிக் கலப்பதில்தான் வில்லங்கம். அந்தச் சிறு அளவு எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. தாக்குப்பிடிப்பவற்றைப் பெருக விடுகிறது. டென்மார்க்கில் இப்படிக் கலந்த அவோபார்சின், வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்குக் கொடுக்கும் வான்கோமைசினின் இனத்தைச் சேர்ந்தது. ஒன்றை எதிர்க்கப் பழகிய கிருமி மற்றதற்கும் அடங்காது. 1995இல் அந்நாடு அவோபார்சினைத் தடை செய்தது. கால்நடை, இறைச்சி, மனிதர் மூன்றிலும் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று தொடர்ந்து சோதிக்கும் டான்மேப் திட்டத்தையும் அதே ஆண்டு தொடங்கியது. தடையைவிட இதுவே பெரிய காரியம் என்பேன்.

கறிக்கோழிகளில் எடுத்த என்டரோகாக்கஸ் ஃபேசியம் கிருமிகளில் 1995இல் 100க்கு 70க்கு மேல் அவோபார்சின் எதிர்ப்பு இருந்தது. 2000இல் 10ஐக்கூட எட்டவில்லை. பன்றிகளிலோ முதல் சில ஆண்டுகள் எண்ணிக்கை அசையவே இல்லை. துருவிப் பார்த்தபோது, பன்றிக் கிருமிகளில் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும், தீவனத்தில் கலந்த இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான டைலோசினை எதிர்க்கும் மரபணுவும் ஒரே டி.என்.ஏ. துண்டில் ஒட்டியிருந்தது தெரிந்தது. தீவனத்தில் டைலோசின் தொடர்ந்தவரை, தடைசெய்த மருந்துக்கான எதிர்ப்பும் அதன் தயவில் பிழைத்தது. 1998இல் டைலோசின் பயன்பாடு குறைந்த பிறகே பன்றிகளிலும் அது இறங்கியது. சோதனை மட்டும் இல்லாதிருந்தால், தடையால் பயனில்லை என்று வாதிடுபவர்கள் வென்றிருப்பார்கள்.

மருந்தை நிறுத்தினால் பன்றிக்குட்டிகள் சாகும் என்ற ஆட்சேபம் வெறும் மிரட்டல் அல்ல. வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்குகள் 1999 முடிவுக்குள் முற்றிலும் நின்றபோது, பால்குடி மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது. சிகிச்சை மருந்தும் கூடியது. ஆனாலும் மொத்தப் பயன்பாடு பழைய அளவை எட்டவில்லை, பன்றி உற்பத்தியும் சுருங்கவில்லை. 2000இல் வந்த வெட்ஸ்டாட் பதிவேடு எந்தப் பண்ணைக்கு எந்த மருந்து எவ்வளவு போகிறது என்று காட்டியது. அதை வைத்தே, வரம்பு மீறும் பன்றிப் பண்ணைகளுக்கு 2010இல் ‘மஞ்சள் அட்டை’ நீட்டினார்கள், பயன்பாடு சரிந்தது.

சிறு பண்ணைகள் மிகுந்த நாட்டில் இது நடக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பதிவேட்டின் பெரும்பகுதியை நிரப்புவது பண்ணைக்காரர் அல்ல, மருந்துக்கடை. கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2019இல் தடைசெய்த இந்தியாவும் விற்பனை முனையிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். மருந்து விற்றுக் கால்நடை மருத்துவர் லாபம் பார்ப்பதையும் டென்மார்க் 1995 வாக்கிலேயே கட்டுப்படுத்திவிட்டது. எழுதிக் கொடுப்பவருக்கே விற்பனையில் ஆதாயம் இருந்தால், எந்தப் பதிவேடும் மருந்தைக் குறைக்காது.