தோட்டப்புறத்துக்குச் சத்துணவுக் கல்வி: சமூகக் கல்லூரியின் கடமை

மலேசியச் சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. தோட்டத்து மக்கள் 'இனிப்பு நீர்' என்று வழங்கும் இந்நோயின் சுமையைக் கருதும்போது, கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரங்களுக்குச் சமூகக் கல்லூரி சத்துணவு, உடல்நலப் பயிற்சியைத் தொடங்க வேண்டுமா என்பது ஆழ்ந்து ஆராயத்தக்க கேள்வியாகிறது.

பால்மரம் சீவியும், 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் நாட்டிலேயே வணிக முறையில் முதன்முதலாக நடப்பட்ட செம்பனையைப் பேணியும் வாழ்ந்த தலைமுறைக்குச் சோறும் சர்க்கரை மிகுந்த தேநீரும் உழைப்புக்கு வேண்டிய ஆற்றலைத் தந்தன. பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் மாறியபின் உடலுழைப்பு குறைந்தபோதும், தட்டில் விழும் சோற்றின் அளவு அந்த அளவுக்குக் குறையவில்லை. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு அரசு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது என்றாலும், வீட்டில் டின் பால் ஊற்றிக் கலக்கும் தேநீரை அவ்வரி எட்டாது. அங்கு எட்டக்கூடியது கல்வி மட்டுமே.

2001 முதல் இயங்கிவரும் சமூகக் கல்லூரிகள், பள்ளிப் படிப்பை முடித்தோருக்குச் சான்றிதழ்க் கல்வியும், வயது வரம்பின்றிப் பொதுமக்களுக்குக் குறுகியகாலப் பயிற்சிகளும் வழங்குகின்றன. சபாக் பெர்ணமிலும் அத்தகைய கல்லூரி உண்டு. ஆயினும், நோயாளிக்கேற்ற உணவுத் திட்டத்தை வகுக்கும் உணவுமுறை வல்லுநரும் சத்துணவியலாளரும் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டியவர்கள் என்பதால், சமூகக் கல்லூரிச் சான்றிதழ் அப்பணிக்கு வழிவிடும் என்று மாணவர்களை நம்பவைப்பது பெரும் அநீதியாகும்.

எனவே தொடக்கத்தில் வேண்டியது நீண்ட சான்றிதழ்க் கல்வியன்று. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துவோர், பாலர் பள்ளி உதவியாளர், கோயில் அன்னதானச் சமையற்காரர், இல்லத்தரசிகள் ஆகியோருக்கான குறுகியகாலப் பயிற்சியே. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, எஞ்சிய அரைப் பங்கு காய்கனி என்னும் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையையும், உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டுள்ள சர்க்கரை, உப்பு அளவுகளைப் படிக்கும் திறனையும், பதிவு பெற்ற வல்லுநர்களைக் கொண்டு, முதியோருக்கும் விளங்குமாறு தமிழிலும் கற்பித்தல் வேண்டும். பயின்றோரின் சமையலில் மாற்றம் ஏற்பட்டதா, அவர்களுக்கு ஊதியம் தரும் வேலைகள் வட்டாரத்தில் உள்ளனவா என்பவற்றைக் கண்டறிந்த பின்னரே சான்றிதழ்க் கல்வி பற்றி முடிவெடுப்பது முறையாகும்.

இப்பயிற்சியைத் தொடங்கக் கல்லூரி முன்வர வேண்டும். அதற்கான இடத்தையும் ஆட்களையும் திரட்டித் தருவதில் தோட்டக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் துணைநிற்க வேண்டும்.