பத்தில் ஒருவர் கையொப்பம்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சாவடிக்குப் போய்ச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்புகிற பிரஜைக்கு, தான் அனுப்பிவைத்த அங்கத்தினர் இடைக்காலத்தில் முறைதவறி நடந்தால் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று கேட்டால், பார்லிமென்டுகளுக்கெல்லாம் தாய் என்று கொண்டாடப்படும் பிரிட்டிஷ் பார்லிமென்டின் சம்பிரதாயத்தில்கூட 2015-ஆம் வருஷம் வரையில் 'இல்லை' என்பதுதான் விடையாக இருந்தது. ஓர் அங்கத்தினர் ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றால், 1981-ஆம் வருஷத்துச் சட்டப்படி அவருடைய ஸ்தானம் தானே காலியாகிவிடும். காமன்ஸ் சபை மனம்வைத்தால் ஒருவரைத் தானே வெளியேற்றவும் செய்யலாம். இந்த இரண்டிலும் அடங்காத குற்றங்கள் எத்தனையோ உண்டு. அவற்றைச் செய்தவர் அடுத்த பொதுத்தேர்தல் வரையில் சம்பளம் வாங்கிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். தொகுதி ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த நிலைமையை மாற்றியது ஒரு வாத்துக்கூடு என்றால் அது முழுப்பொய் ஆகாது. 2009-இல் லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை, அங்கத்தினர்கள் சர்க்கார் கஜானாவிடம் கேட்டிருந்த செலவுப் பணத்தின் கணக்குகளை நாள்தோறும் பக்கம் பக்கமாக அச்சிட்டபோது, தம் வீட்டுக் குளத்தில் வாத்துகள் வாசம் செய்ய மிதக்கும் மாளிகை ஒன்று வாங்கியதற்காக 1,645 பவுன் கேட்டிருந்த ஒரு கனவானும், வீட்டைச் சுற்றிய அகழியைத் துப்புரவு செய்த செலவைப் பட்டியலில் சேர்த்திருந்த இன்னொரு கனவானும் தேசம் முழுவதும் சிரிப்புக்கும் சீற்றத்துக்கும் ஆளானார்கள். வாத்துக்கூட்டுக்குப் பணம் கொடுக்கப்படவில்லை என்பது பின்னால் தெரிந்தும் ஜனங்களின் கோபம் தணியவில்லை. 2010-இல் பதவியேற்ற கூட்டு மந்திரிசபை, தவறிழைத்த அங்கத்தினரைத் திரும்ப அழைக்கும் உரிமையை வாக்காளருக்குத் தருவதாக வாக்குறுதி கொடுத்தது. ஐந்து வருஷம் கழித்து, ஆயுட்காலம் முடியும் தறுவாயில், அதைச் சட்டமாக்கியும் வைத்தது.

சட்டம் எந்த உருவத்தில் வரவேண்டும் என்பதில் சபைக்குள் பெரிய தர்க்கம் நடந்தது. ஆளும் கட்சியைச் சேர்ந்த ஜாக் கோல்ட்ஸ்மித் என்பவர், காரணம் எதுவானாலும் சரி, வாக்காளர்கள் தாமே ஆரம்பித்துத் தாமே முடிக்கக்கூடிய உரிமையாக அது இருக்கவேண்டும் என்று வாதாடினார். 1774-இல் எட்மண்ட் பர்க் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், பிரதிநிதி தம் உழைப்பை மட்டுமல்ல, தம் சொந்த விவேகத்தையும் தொகுதிக்குக் கடன்பட்டவர் என்று எடுத்துரைத்த கொள்கையை வளர்த்துவந்த சபை அதற்கு இசையவில்லை. (பிரிஸ்டல்வாசிகள் 1780-இல் பர்க்கையே கைவிட்டார்கள் என்பது வேறு கதை.) 2014 அக்டோபர் 27-ஆம் தேதி கோல்ட்ஸ்மித்தின் திருத்தம் 166-க்கு 340 என்ற கணக்கில் தோற்றது. தோற்றது நல்லதே என்பது என் அபிப்பிராயம். மனச்சாட்சிப்படி வாக்களித்த ஒரே காரணத்துக்காக ஓர் அங்கத்தினரை, பணபலமுள்ள கோஷ்டி ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனுவோடு மிரட்டிக்கொண்டிருக்குமானால், சபையில் நிமிர்ந்து நின்று பேச யார் துணிவார்கள்? ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லிச் சாவியை முழுவதும் தன் இடுப்பிலேயே சபை செருகிக்கொண்டதும் அவ்வளவு சிலாக்கியமான காரியமல்ல.

ஏனென்றால் சட்டம் திறந்துவைத்திருப்பது மூன்றே வழிகள். குற்றம் ருசுவாகி, அப்பீலும் முடிந்து, சிறைவாசம் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஒழுங்குக் கமிட்டியின் அறிக்கையின்பேரில், சபை கூடும் நாட்களில் பத்து நாளோ, காலண்டர் கணக்கில் பதினான்கு நாளோ சபை அவரைத் தற்காலிகமாக விலக்கி வைத்திருக்க வேண்டும். அல்லது செலவுக் கணக்கில் பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்காக எவ்வளவு சொற்பமானாலும் தண்டனை பெற்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று நேர்ந்தால் சபாநாயகர் தொகுதியின் மனு அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்புகிறார். ஆறு வாரங்கள் மனு திறந்திருக்கும். பதிவான வாக்காளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கையொப்பமிட்டால் ஸ்தானம் காலி. பிறகு நடக்கும் இடைத்தேர்தலில், நீக்கப்பட்டவரே மறுபடியும் போட்டியிடத் தடையில்லை. இந்தக் கடைசி விதியைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ சட்டத்தில் மிகவும் நியாயமான பகுதி அதுதான் என்று படுகிறது. பத்தில் ஒருவர் போட்ட கையொப்பத்தைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், தீர்ப்பைக் கோரும் விண்ணப்பமாகவே அது கொள்கிறது அல்லவா?

கையொப்பம் இடும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. மனுத்தாளில் நீக்கத்துக்குச் சம்மதம் தெரிவிக்கத்தான் இடமுண்டு. வேண்டாம் என்பவர் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அந்த மண்டபத்துக்குள் காலடி வைப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது வாசலில் நிற்கும் எவனுக்கும் தெரிந்துபோகும். தபாலில் கையொப்பமிடலாம் என்றும், ஆறு வாரம் முடியும்வரை எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை வெளியிடக்கூடாது என்றும் விதிகள் இருக்கின்றன. இருந்தாலும் வாக்குச்சீட்டுக்கு உள்ள ரகசியம் இதற்குக் கிடையாது.

இந்தக் குறையின் பலனை முதன்முதலில் கண்ட தொகுதி வட அயர்லாந்தின் வட ஆன்ட்ரிம். அந்தக் கதையில் தமிழ் வாசகர்களுக்குத் தனிச் சிரத்தை இருக்க நியாயமுண்டு. அத்தொகுதியின் அங்கத்தினர் இயன் பெய்ஸ்லி, தம் தகப்பனார் 1970 முதல் வகித்துவந்த ஸ்தானத்தை 2010-இல் சுதந்தரித்துக்கொண்ட இளையவர். அவர் 2013-இல் இரண்டு முறை குடும்பத்தோடு இலங்கைக்குப் போய் விடுமுறை கழித்தார். செலவு முழுவதும் இலங்கை அரசாங்கத்தினுடையது. அதைச் சபையின் பதிவேட்டில் குறிப்பிடாமலிருந்த அவர், மறுவருஷம், உள்நாட்டு யுத்தத்தின் கொடுமைகளை விசாரிக்க ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கவுன்சிலில் தீர்மானம் வந்த சமயத்தில், அதை ஆதரிக்கக்கூடாது என்று பிரதம மந்திரி காமெரானுக்குக் கடிதமும் எழுதினார். முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கு நியாயம் கேட்ட தீர்மானத்துக்கு எதிராக, கடற்கரை விடுதியின் உபசாரத்தை அனுபவித்துவிட்டு வந்த ஒருவர் எழுதிய கடிதம் அது. விஷயம் 2017-இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. 2018 ஜூலையில் சபை அவரை முப்பது அமர்வு நாட்களுக்கு விலக்கி வைத்தது.

புதிய சட்டத்தின்படி திறக்கப்பட்ட முதல் மனு அவர்மேல்தான். வேண்டியிருந்த கையொப்பங்கள் 7,543, விழுந்தவை 7,099. சட்டம் பத்து இடங்கள் வரை அனுமதித்திருந்தும், அவ்வளவு விஸ்தாரமான கிராமப்புறத் தொகுதியில் பாலிமீனா, பாலிமணி, பாலிகாசில் என்று மூன்றே ஊர்களில் கையொப்ப மண்டபம் வைத்திருந்தார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூர்களில், பரம்பரைச் செல்வாக்குள்ள குடும்பத்துக்கு விரோதமாகப் பகிரங்கமாக நடந்துபோய்க் கையெழுத்திடத் தயங்கியவர்கள் எத்தனை பேர் என்று எந்த அதிகாரியாலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் குறைந்தவை 444 மட்டுமே. பெய்ஸ்லி தப்பினார். 2024 பொதுத்தேர்தலில், ரகசிய வாக்குச்சீட்டு முறையில், அதே தொகுதி அவரை 450 வாக்குகளில் தோற்கடித்தது.

அதற்குப் பின் வந்த மனுக்கள் ஒன்றும் தோற்கவில்லை. பீட்டர்பரோ தொகுதியின் ஃபியோனா ஒனசான்யா, வேகமாகக் கார் ஓட்டிய வழக்கில் பொய் சொல்லி மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். வெளியே வந்தபின், பிரிட்டன் ஐரோப்பிய யூனியனிலிருந்து உடன்பாடின்றி வெளியேறுவதைத் தடுக்க வந்த மசோதா 313-க்கு 312 என்று ஒரே வாக்கில் நிறைவேறியபோது, அந்த 313-இல் அவருடைய வாக்கும் ஒன்று. தொகுதியில் 27 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு அவரை நீக்கினார்கள். வேல்ஸ் தேசத்து கிறிஸ் டேவிஸ், காரியாலயச் சுவரில் மாட்டும் படங்களுக்கான 700 பவுன் செலவுக்குப் பொய் ரசீது தயாரித்து அகப்பட்டவர். 10,005 கையொப்பங்களால் நீக்கப்பட்டு, இடைத்தேர்தலில் துணிந்து நின்று, 1,425 வாக்குகளில் தோற்றார்.

பத்து நாள் என்ற எண்ணுக்குச் சட்டம் கொடுத்துவிட்ட மகத்துவம் மார்கரெட் ஃபெரியர் விஷயத்தில் அம்பலமாயிற்று. 2020 செப்டம்பரில் நோய்க்குறி தோன்றி கோவிட் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தும் லண்டனுக்கு வந்து சபையில் பேசி, நோய் உறுதியான மறுநாள் ரயிலேறி கிளாஸ்கோவுக்குத் திரும்பியவர் இவர். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் சமூக சேவை விதித்ததால் முதல் வழி அடைபட்டது. ஒழுங்குக் கமிட்டி முப்பது நாள் விலக்கத்தைச் சிபாரிசு செய்தபோது, அதை ஒன்பது நாளாக்கிவிடலாம் என்ற திருத்தம் கமிட்டிக்குள்ளேயே எழுந்து விழுந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே இருப்பது ஒரு நாளல்ல, ஒரு ஸ்தானம். 2023 ஜூனில் 185-க்கு 40 என்று சபை ஒப்புக்கொண்டது. அவ்வருஷ முடிவுக்குள் அவருடைய இடத்தில் வேறொருவர் வந்துவிட்டார்.

நாள் கணக்கு நிறைவாக இருந்தும் தப்பியவரும் உண்டு. 2021-இல் ராப் ராபர்ட்ஸ் என்பவர் தம் காரியாலய ஊழியரிடம் முறைகேடாக நடந்ததற்காக ஆறு வாரம் விலக்கப்பட்டார். ஆனால் அவரை விசாரித்தது ஒழுங்குக் கமிட்டி அல்ல, புதிதாக அமைக்கப்பட்டிருந்த சுயேச்சை நிபுணர் குழு. சட்டத்திலோ கமிட்டியின் பெயர் மட்டுமே இருந்தது. அந்த ஓட்டையை விதிகளைத் திருத்தி அடைத்தார்கள், முன்தேதியிட்டு அடைக்கவில்லை. அவர் 2024 வரையில் அங்கத்தினராகவே நீடித்தார்.

ஆயினும் இச்சட்டம் அதிகமாக வேலை செய்வது மனு திறக்கப்படாத இடங்களில்தான். காமன்ஸ் அங்கத்தினர் வாய்வார்த்தையாக ராஜீநாமா செய்ய முடியாது. 'சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்' என்ற, வேலையும் சம்பளமும் இல்லாத ராஜாங்க உத்தியோகம் ஒன்றை ஏற்று, அதனால் தகுதியிழந்து விலகுவது பழைய வழக்கம். அபாயம் நெருங்கினால் அந்த வாசல் திறந்தேயிருக்கிறது. 2021-இல், விலக்கத்தை எதிர்நோக்கியிருந்த அங்கத்தினர் ஓவன் பேட்டர்சனைக் காப்பாற்ற மந்திரிசபையே சபையை வளைக்கப் பார்த்து, எழுந்த கண்டனத்தைக் கண்டு மறுநாளே பின்வாங்கியது, பேட்டர்சன் விலகினார். 2023 ஜூனில் முன்னாள் பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன், சபைக்குப் பொய்த் தகவல் தந்தார் என்ற உரிமைக் கமிட்டியின் முடிவைப் பிரசுரத்துக்கு முன்பே படித்துவிட்டு நடையைக் கட்டினார். இருந்திருந்தால் தொண்ணூறு நாள் விலக்கத்தைச் சிபாரிசு செய்திருப்போம் என்று கமிட்டி எழுதிவைத்தது. அவருடைய அக்ஸ்பிரிட்ஜ் தொகுதி வாக்காளர்களுக்கு அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் சந்தர்ப்பம் அத்துடன் போயிற்று. ஜூலை 20-ஆம் தேதி அங்கே நடந்த இடைத்தேர்தலில் பிரசாரம் முழுவதும் பழைய கார்களுக்கு லண்டன் மேயர் விதிக்கவிருந்த புகைக் கட்டணத்தைப் பற்றியே நடந்தது. ஜான்சனின் கட்சி 495 வாக்குகளில் ஜெயித்தது.